ஜன்னல் வழியே சொன்ன வார்த்தை

அந்த நாற்காலி வேண்டாம் ஐயா, அதற்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். இந்த அறைக்கு யார் வந்தாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். தெரிந்தும் சொல்லாமல் இருந்து, வந்தவர் கீழே விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டால் நன்றாகவா இருக்கும்? மலைப்பாதை வளைவுகளில் உங்களுக்குக் குமட்டியிருக்கும். எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறேன், முகர்ந்து பாருங்கள். டீ வந்துவிடும்.

ஆஸ்பத்திரி டிரஸ்ட்டிலிருந்து விசாரணைக்கு வருகிறார்கள் என்றதும் தடித்த ஃபைலோடு ஒருவர் வருவார் என்று நினைத்தேன். நீங்கள் இரண்டே கேள்விகளோடு வந்திருக்கிறீர்கள். இரண்டும், முன்பு இங்கே என்னோடு வேலை பார்த்த சாந்தாமேரி கேட்கச் சொன்னவை. போன நவம்பரில் கரண்ட் போய்த் திரும்பி வந்தபோது ஜன்னல் வழியாக அவளிடம் நான் என்ன சொன்னேன் என்பது முதல் கேள்வி. இரண்டாவது உங்களுக்கே அற்பமாகப் பட்டது போலும், சொல்லும்போது லேசாகச் சிரித்தீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன். இரண்டுக்கும் உள்ளது உள்ளபடி பதில் சொல்லிவிடுகிறேன். இத்தனை நாளாக யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன்.

எங்கள் ஆஸ்பத்திரிக்குச் சொந்தமாக ரத்த வங்கி கிடையாது. சேலத்திலிருந்துதான் வர வேண்டும். மழைக்காலத்தில் மலைப்பாதையில் ஒரு பாறை உருண்டால் போதும், வண்டி அடிவாரத்திலேயே நின்றுவிடும். அதனால் டாக்டர் கமலா ஊர் ஊராக ஆள் அனுப்பினார். வாழவந்தி, கரடியூர் என்று எட்டின ஊர்களில் எல்லாம் விரல் நுனியில் குத்தி, யாருக்கு என்ன வகை ரத்தம் என்று பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னார். அவசரத்துக்குத் தேடினால் அந்த வகை ரத்தம் உள்ளவர்களின் பெயர் ஊரோடு வந்து நிற்கும். ஜீப்பை அனுப்பி ஆளைக் கூட்டி வந்துவிடலாம். நல்ல ஏற்பாடு, அதில் குறை சொல்ல மாட்டேன். பெயர்களை ஏற்றியவன் நான். ஆஸ்பத்திரி ஆட்களின் பெயர்களையும் சேர்த்துத்தான்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று இரண்டு யூனிக்ஸ் கம்ப்யூட்டர் மெஷின்களையும் ஒரு டிஸ்க் பெட்டியையும் இனாமாகக் கொடுத்திருந்தது. இந்த ஊர் இடிக்கு ஒரு மெஷின் போனாலும் மற்றது ஓட வேண்டும் என்று இரண்டையும் அடுத்தடுத்த அறைகளில் வைத்தோம். கிழக்கு அறையில் நான், மேற்கு அறையில் சாந்தாமேரி. நடுச்சுவரில், முன்பு மருந்து கொடுத்துக்கொண்டிருந்த சின்ன ஜன்னல். தகவல் எல்லாம் அந்த ஒரே டிஸ்க் பெட்டியில். இரண்டு மெஷினும் அதில்தான் எழுதும், அதில்தான் படிக்கும்.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். ஒரே களத்தில் இரண்டு வீட்டார் காப்பிக்கொட்டை காயப்போடுகிறார்கள் என்று வையுங்கள். பொதுக்களம் என்று இருவருக்கும் தெரிந்தால் அவரவர் பக்கத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். களம் முழுக்கத் தன்னுடையது என்று இருவருமே நினைத்துவிட்டால், ஒருவர் கொட்டை மேல் இன்னொருவர் கொட்டிவிடுவார். அப்புறம் யாருடையது எது என்று கடவுளே வந்தாலும் பிரிக்க முடியாது.

களம் பொதுவில் இருக்கிறதா, ஒருவர் கையில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு கட்டளை உண்டு. வி எக்ஸ் டி ஜி என்று அடித்து, ஓர் இடம் விட்டு, லிஸ்ட் என்று அடிக்க வேண்டும். எங்கள் டிஸ்க் தொகுப்பின் பெயர் வரும், பக்கத்தில் அதன் நிலை வரும். ‘எனேபிள்டு, ஷேர்டு’ என்று இருந்தால் பொதுவில் இருக்கிறது என்று அர்த்தம். ‘எனேபிள்டு’ என்று மட்டும் நின்றால், இந்த மெஷின் அதைத் தனக்கென்று பிடித்துக்கொண்டிருக்கிறது. பார்க்கிற கட்டளை எதையும் மாற்றாது, எதையும் கெடுக்காது. பார்ப்பதோடு சரி. இதைத் தயவு செய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு வழக்கம் ஏற்படுத்தினேன். கரண்ட் போய் வந்தால் இருவரும் அவரவர் மெஷினில் அந்த வரியைப் பார்த்து ஜன்னல் வழியாக உரக்கச் சொல்ல வேண்டும். தன் பக்கம் தொகுப்பையே காணவில்லை, ஆனால் அந்தப் பக்கம் ‘ஷேர்டு’ என்று குரல் வருகிறது என்றால், டிஸ்க்கில் தங்கிவிட்ட பழைய பூட்டை, அதாவது முன்பு பிடித்திருந்ததன் அடையாளத்தை, நீக்கிச் சேர்த்துக்கொள்ளலாம். அந்தச் சொல் வராவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். ஜீப் டிரைவர் கந்தசாமி இதைக் கேட்டுவிட்டு, “ஏனுங்க, ரெண்டு பேரும் குயிலாட்டம் மாத்தி மாத்திக் கூவிக்கறீங்க?” என்று கேலி பண்ணுவான். கேலி பண்ணட்டும். அந்த வழக்கத்தால் ஒரு பெயர்கூட எங்களிடம் கெட்டதில்லை.

சாந்தாமேரி கெட்டிக்காரி. இதை நான் எங்கேயும் சொல்வேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கீபோர்டைத் தொடவே பயந்தவள், நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கினேன். ஒரு நாள் தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

“சார், கோவிச்சுக்காதீங்க. நாம ரெண்டு பேரும் கத்திக்கிறதுக்குப் பதிலா, இந்த மெஷினே அந்த மெஷினைக் கேட்டு அந்த வரியை வாங்கியாந்து காட்டற மாதிரி ஒண்ணு எழுதிருக்கறனுங்க. நீங்க பாத்துட்டு நல்லா இருக்குன்னாத்தான் டாக்டரம்மாகிட்டச் சொல்லுவனுங்க.”

பார்த்தேன். ஒரே திரையில் இரண்டு வரி. மேலே மேற்கு, கீழே கிழக்கு. எனக்குப் பின்னாலேயே டாக்டர் கமலாவும் வந்து பார்த்தார். அவருக்கு ஒரே சந்தோஷம். “அப்ப இங்க ஒரு ஆள் போதுமே பெரியநாயகம். உங்களைச் சேலம் ஆபீசுக்கு மாத்திடறேன். உங்க முழங்கால் வலிக்கும் இந்தக் குளிர் ஆகாதுங்களே” என்றார். அவர் நல்லதை நினைத்துத்தான் சொன்னார். அடுத்த திங்கட்கிழமை முதல் அவளே தனியாகப் பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

எனக்குக் கோபம் வரவில்லை ஐயா. வீட்டில்கூட நான் குரல் உயர்த்திப் பேச மாட்டேன், என் மனைவி முத்தாயியைக் கேட்டுப் பாருங்கள். எனக்கு இருந்ததெல்லாம் கவலைதான். மெஷின் சொல்வதை மெஷினே கேட்டுக்கொண்டால் நடுவில் மனிதர் எதற்கு? நாளைக்கு ஏதாவது ஆனால் எச்சரிக்க ஓர் ஆள் வேண்டாமா? இதை டாக்டரிடம் வாயால் சொன்னால், கிழவனுக்கு ஊரை விட்டுப் போக மனசில்லை என்று நினைப்பார். சின்னதாக ஒரு கோளாறு நடந்தால் அவருக்கே புரிந்துவிடும் என்று தோன்றியது. எல்லாவற்றுக்கும் டேப்பில் பிரதி இருந்தது. போனாலும் திரும்ப ஏற்றிவிடலாம். யாருக்கும் நஷ்டம் இல்லாத பாடம்.

அந்த வியாழக்கிழமை காலையிலிருந்தே மழை பிடித்துக்கொண்டது. மதியம் கரண்ட் போனது. திரும்பி வந்ததும் நான் வழக்கம்போல் கட்டளையை அடித்துப் பார்த்தேன். ‘எனேபிள்டு’ என்றது. அதற்குப் பக்கத்தில் வேறு சொல் இல்லை. மேற்கு மெஷின் எழுந்து வருவதற்குள் என் மெஷின் முந்திக்கொண்டு களத்தைத் தனக்கென்று பிடித்துவிட்டது. எப்போதாவது அப்படி நடக்கும். நான் முதலில் அந்தப் பிடியை விட்டு, அப்புறம் இரண்டுக்கும் பொதுவாக எடுத்துக்கொண்டால் சரியாகிவிடும்.

ஜன்னலில் அவள் குரல் கேட்டது. “சார், எம்பக்கம் ஒண்ணுமே காட்டலீங்க. உங்க பக்கம் எப்படீங்க?”

“ஷேர்டு, கண்ணு” என்றேன்.

உங்கள் முதல் கேள்விக்குப் பதில் அதுதான். ஒரே ஒரு வார்த்தை.

“அப்பச் சரீங்க” என்று அவள் பூட்டை நீக்கிச் சேர்த்துக்கொண்டாள். அவள் புதிதாக எழுதியதை ஓட்டிப் பார்த்திருந்தால் கீழ் வரியில் உண்மை தெரிந்திருக்கும். திங்கட்கிழமைக்கு முன்னால் அதை உபயோகித்தால் நான் மனசு சங்கடப்படுவேன் என்று அவள் ஓட்டவில்லை. என் மேல் அவ்வளவு மரியாதை. மெஷின், கை அடித்ததை எல்லாம் பத்திரமாக வைத்துக்கொள்ளும். வாய் சொன்னதை வைத்துக்கொள்ளாது. விசாரித்தபோது என் பெயரில் இருந்தது பார்க்கிற கட்டளை மட்டும். பூட்டை நீக்கிய கட்டளை அவள் பெயரில் இருந்தது.

இரண்டு மெஷினும் ஒன்றின் மேல் ஒன்று எழுத ஆரம்பித்தன. சாயங்காலத்துக்குள் அவளே கண்டுபிடிப்பாள், டாக்டர் இரண்டு வார்த்தை கண்டிப்பார், நான் டேப்பை மாட்டி எல்லாவற்றையும் மீட்டுக் கொடுப்பேன் என்று கணக்குப் போட்டிருந்தேன். பாவாயி வருவாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பாவாயி கரடியூர்க்காரி. வீட்டிலேயே பெண் குழந்தை பிறந்து, அதற்கப்புறம் ரத்தம் நிற்கவில்லை. அவள் புருஷன் சித்தன் எஸ்டேட் ஜீப்பில் காப்பி மூட்டைகளுக்கு நடுவே அவளைக் கிடத்திக் கொண்டுவந்து சேர்த்தான். டாக்டர் சோதித்துப் பார்த்தார். ஓ நெகட்டிவ். அதே ரத்தம்தான் ஏற்ற வேண்டும். சேலத்துக்கு ஃபோன் போட்டார்கள், அங்கிருந்து ரத்தம் கிளம்பிவிட்டது. ஆனால் மலைப்பாதையில் மரம் முறிந்து பாறையோடு விழுந்து கிடந்ததால் வண்டி அடிவாரத்தில் நின்றுவிட்டது. நான் முன்பே சொன்னேன் அல்லவா, எங்கள் லிஸ்ட் இருந்ததே இப்படி ஒரு நாளுக்காகத்தான்.

டாக்டர் மேற்கு அறைக்கு ஓடி வந்தார். “ஓ நெகட்டிவ் யார் யார்னு எடு சாந்தா, சீக்கிரம்.” அவள் தேடினாள். ஒருவர் பெயர் இன்னொருவர் ஊரோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அப்புறம் வெறும் கிறுக்கல் வந்தது. அப்புறம் மெஷின் நின்றுவிட்டது. ஜன்னல் வழியாக அவள் முகத்தைப் பார்த்தேன். “நான்தானுங்க சேர்த்தேன்... நான்தானுங்க டாக்டரம்மா” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். ஜன்னலில் நான் என்ன சொன்னேன் என்று அந்த நேரத்தில் அவளுக்கே நினைவு வரவில்லை.

டாக்டர் என்னிடம் திரும்பினார். “நீங்கதானே ஏத்துனீங்க, யாராவது ஒருத்தர் பேராவது ஞாபகம் இருக்குதுங்களா?”

“அத்தனை ஆயிரம் பேருங்க. எப்படீங்க நெனப்பிருக்கும்?” என்றேன்.

ஒரு பெயர் ஞாபகம் இருந்தது. வாழவந்தி மாதப்பன். விரலில் குத்தப் போனபோது எங்களுக்கு ஒரு கூடை ஆரஞ்சு கொடுத்தனுப்பியவன். அவனை மறக்க முடியுமா? ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள். அந்த இடத்தில் பெயரைச் சொல்லிவிட்டால் லிஸ்ட் கெட்டுப்போனது ஒரு விஷயமாகவே இருக்காது. அன்றைக்கு நடந்ததெல்லாம் வீண் என்றாகிவிடும். டேப் இருக்கிறது, முறைப்படி மீட்டுக் கொடுத்துவிடலாம் என்று நான் உறுதியாக நம்பினேன். “நான் உக்காந்து எடுத்துத் தர்றனுங்க” என்று டாக்டருக்கு வாக்குக் கொடுத்தேன்.

அதற்குள் வராந்தாவில் விரலைக் குத்திப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்; ஆஸ்பத்திரி ஆட்களுக்கே தங்கள் வகை நிச்சயமாக நினைவில்லை. நர்சுகள், சமையல்காரர், கந்தசாமி, பாதை அடைத்ததால் இறங்க முடியாமல் நின்ற பஸ்களில் இருந்த சுற்றுலாக்காரர்கள் என்று குடை பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் வரிசை நின்றது. புதுக் கல்யாண ஜோடி ஒன்று முதல் ஆளாகக் கையை நீட்டியதாம். மனிதர்களுக்கு எவ்வளவு நல்ல மனசு பாருங்கள். அதில் ஒருவருக்குப் பொருந்தி, அவருக்கு மஞ்சள் காமாலை வந்திருந்ததால் டாக்டர் வேண்டாமென்றார். மற்றவர்களுக்குப் பொருந்தவில்லை. என்னை யாரும் கூப்பிடவில்லை. லிஸ்ட்டை மீட்கிறவன் நான் ஒருவன்தானே, என்னை நாற்காலியை விட்டு எழுப்பக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சாந்தாமேரி மட்டும் வந்தாள். அவளுடையது பி வகையாம். விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டு என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள்.

“சார், நீங்களும் போயி ஒருக்கா குத்திப் பாத்துருங்க. அதுவரைக்கும் நான் உக்காந்து டேப்பைப் பாத்துக்கறனுங்க.”

நியாயமான பேச்சு. ஆனால் நான் எழுந்தால் அவள் அந்த நாற்காலியில் உட்காருவாள். உட்கார்ந்ததும் முதல் வேலையாக, நான் பழக்கியபடியே, வி எக்ஸ் டி ஜி லிஸ்ட் என்று அடித்துப் பார்ப்பாள். கிழக்கு மெஷின் இன்னும் ‘எனேபிள்டு’ என்று மட்டும்தான் காட்டிக்கொண்டிருந்தது. ஷேர்டு என்று நான் சொன்னது பொய் என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். அந்தக் குழப்பத்தில் அவள் அழுது கூச்சல் போட்டால் மீட்கிற வேலை யார் பார்ப்பது?

“என்னுது பி பாசிட்டிவ், கண்ணு. எனக்குத் தெரியும். நீ அங்க போயி டாக்டரம்மாவுக்கு ஒத்தாசையா இரு” என்றேன்.

“சரீங்க சார்” என்று போய்விட்டாள். கதவைச் சாத்திக்கொண்டேன்.

முதலில் என் பக்கத்தைச் சரி செய்தேன். தொகுப்பின் மேலிருந்த பிடியை விட்டு, மறுபடியும் பொதுவாக எடுத்துக்கொண்டு, கட்டளையை அடித்துப் பார்த்தேன். ‘எனேபிள்டு, ஷேர்டு’ என்று வந்தது. இனி யார் பார்த்தாலும் அப்படித்தான் தெரியும். மனசு லேசானது. அதற்கு அப்புறம்தான் டேப்பை மாட்டினேன். டேப் மெதுவாகத்தான் ஓடும், அதை யாராலும் துரத்த முடியாது. பக்கத்து வார்டிலிருந்து சித்தனின் குரல் வந்துகொண்டிருந்தது. “கண்ணத் தொற, சாமி. பாப்பாவைப் பாரு. ஊட்டுக்குப் போலாம், கண்ணத் தொற.” நான் ஒரு வாய் டீகூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். அதை எல்லோரும் பார்த்தார்கள்.

லிஸ்ட் மீண்டு வந்தது. ஓ நெகட்டிவ் பெயர்களை அச்செடுத்தேன். அச்சில் ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டேன். டிஸ்க்கில் அந்த வரியைத் தொடவில்லை. ஏற்றிய தகவல் ஒன்றைக்கூட நான் அழித்தவன் இல்லை. காகிதத்தை நானே ஓடிப்போய் டாக்டர் கையில் கொடுத்தேன். கந்தசாமி அந்த மழையில் ஜீப்பை வாழவந்திக்கு விரட்டினான். போன வேகத்தில் மாதப்பனோடு வந்துவிட்டான். வாழவந்தி அப்படியொன்றும் தூரமில்லை ஐயா.

மாதப்பன் ஈரம் சொட்டச் சொட்ட, சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டே உள்ளே வந்தான். “எங்கீங்க, எந்தக் கையில எடுக்கோணும்?” என்று கேட்டான். சித்தன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். மாதப்பனுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. மடித்த கையை அவன் இறக்கி விடவே இல்லை, அப்படியே சுவரோரம் நின்றான்.

சாந்தாமேரியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவள் எழுதியதையும் யாரும் அப்புறம் ஓட்டவில்லை. கிளம்புகிற அன்று என் காலைத் தொட்டுக் கும்பிட்டு, “உங்க வழக்கத்தை மாத்தப் பாத்தேனுங்க, அதுக்குத்தான் கடவுள் இப்படிக் குடுத்துட்டாரு” என்று அழுதாள். நானும் அழுதேன். அவள் வேலையைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி டாக்டரிடம் இரண்டு முறை சிபாரிசு செய்தேன், விசாரித்துப் பாருங்கள். நான் சேலத்துக்குப் போகவில்லை. கூப்பிட்டால் பதில் சொல்ல ஒரு மனிதர் இருந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் ஆரம்பத்திலிருந்தே சொல்ல நினைத்ததும் அதுதான்.

சித்தன் என்னை மறக்கவில்லை. சீசனுக்குச் சீசன் பழம் கொண்டுவந்து வைப்பான். “அன்னிக்கு நீங்க ஒருத்தருதானுங்க பச்சைத் தண்ணிகூடக் குடிக்காம எம்பொண்டாட்டிக்காக உக்காந்திருந்தீங்க. நொம்பப் பெரிய மனசுங்க உங்களுக்கு” என்பான். குழந்தை நடக்கப் பழகுகிறது. இந்த அறைக்குள் வந்தால் நேரே அந்த ஆடுகிற நாற்காலியைத்தான் பிடிக்கப் போகும். நான் பதறிப்போய் ஓடித் தூக்குவேன்.

ஆஸ்பத்திரி ஆண்டு விழாவில் எனக்குச் சால்வை போட்டார்கள். பாவாயி போன பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை தவறாமல் ரத்தம் கொடுத்து வருகிறேன், அதற்காக. மேடையில் எனக்கு மாலை போட்டவன் சித்தன்தான். அந்தப் படம் பேப்பரில் வந்து, இப்போது சேலத்தில் இருக்கிற சாந்தாமேரி கண்ணில் பட்டிருக்கிறது. படத்துக்குக் கீழே என் ரத்தத்தின் வகையையும் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் ஜன்னலில் நான் சொன்னதும் அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். கெட்டிக்காரி என்று சொன்னேன் அல்லவா.

உங்கள் இரண்டாவது கேள்வி அதுதானே? என் ரத்தம் என்ன வகை என்பது. ஓ நெகட்டிவ், ஐயா. அச்சில் விட்டுவிட்ட வரி என்னுடையது; என் வகை எனக்கே அப்புறம்தான் தெரிந்தது என்று டாக்டர் நினைத்துக்கொண்டிருக்கிறார். பாவாயி கிடந்த கட்டிலுக்கும் என் நாற்காலிக்கும் நடுவில் ஒரு சுவர்தான் இருந்தது.

டீ ஆறுகிறது, குடியுங்கள். நீங்கள் எழுதியதில் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், எனக்கு ஒளிக்க எதுவும் இல்லை. கீழே ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த மலையில் யாருக்கு, எந்த நேரத்தில் ரத்தம் தேவைப்பட்டாலும் என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள், உடனே வந்துவிடுவேன். ஓர் உயிர் துடிக்கும்போது சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிற ஆள் நான் இல்லை.